சங்கத்தின் பதிவு மாகாணத்தில், காசுக்கான சட்டம் கொழும்பில்

வாசகர் கடிதம்:

மதிப்புக்குரிய சட்டத்தரணி அம்மாவுக்கு, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளராக இருக்கிறேன். அங்கத்தவர் இருநூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். போன மாதம் சம்பள நாளில், கிழமை லோன் கொடுக்கும் கம்பனியின் ஆள் ஒருவர் வந்து, "உங்கள் சங்கத்துக்கு மத்திய வங்கி அனுமதி இல்லை. அதில் காசு போடுவதே சட்டவிரோதம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பத்துப் பதினைந்து பேர் புத்தகத்தை மூடித் தரும்படி வந்து நிற்கிறார்கள். கூட்டுறவுத் திணைக்கள உத்தியோகத்தரைக் கேட்டால், "நீங்கள் மாகாணத்தின் கீழ். மத்திய வங்கி உங்களைத் தொட முடியாது" என்கிறார். யார் சொல்வது சரி? இன்னும் சில விஷயங்கள்: கூடுதல் வட்டி கொடுத்தால் டவுன் கடைக்காரர் சிலர் எங்களிடம் காசு போடத் தயாராக இருக்கிறார்கள். கல்யாணமாகி அப்புத்தளைப் பக்கம் போன எங்கள் பிள்ளைகள் அங்கேயும் ஒரு கிளை திறக்கச் சொல்கிறார்கள். நகை ஈட்டுக்குக் கடன் கொடுக்கலாமா என்றும் கமிட்டியில் பேச்சு வந்தது. பொதுக்கூட்டத்துக்கு முன் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சம்பளக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்கும் பெண்களிடம் அவர்களுடைய சேமிப்பைப் பற்றியே பயம் கிளப்புவது சின்ன விஷயம் இல்லை. சங்கத்தில் கடன் கிடைக்காவிட்டால் அவர்கள் யாரிடம் போவார்கள் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தை மூட வந்தவர்களிடம் இன்றே சொல்லுங்கள்: முறையாகப் பதிந்த கூட்டுறவுச் சங்கம் தன் அங்கத்தவரிடம் சேமிப்பு வாங்குவது சட்டப்படியான காரியம். அதற்கு மத்திய வங்கியின் உரிமம் தேவையில்லை. கம்பனி ஆள் சொன்னது பிழை.

திணைக்கள உத்தியோகத்தர் சொன்னது பாதி சரி. மற்றப் பாதிக்குள்தான் டவுன் கடைக்காரர், அப்புத்தளைக் கிளை, நகை ஈடு மூன்றும் வந்து விழுகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணை சேர்ந்தது. அதில் மூன்று நிரல்கள். ஒன்று மாகாண சபைகளுக்கு உரியது, ஒன்று மத்திய அரசுக்கு ஒதுக்கியது, மற்றது இருவருக்கும் பொது. மாகாணத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் கணக்காய்வு செய்வதும் முதல் நிரலில் இருக்கின்றன. வங்கிகள் நடத்தும் அடகைத் தவிர மற்ற அடகு பிடிப்போர் பற்றிய விடயமும் அதே நிரலில்தான். நாணயக் கொள்கையும் தேசிய நிதியும் மத்திய அரசிடம்.

உங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்து மேல் வரியைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் என்று இருக்கும். இல்லையென்றால் மாகாண நியதிச்சட்டம் ஒன்றின் பெயர் இருக்கும். மாகாண நிரலில் உள்ள ஒரு விடயத்துக்கு, முன்பிருந்த நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணானது என்று தலைப்பிலேயே சொல்லி மாகாண சபை நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) இயற்றினால், அந்த நாடாளுமன்றச் சட்டத்தின் ஏற்பாடுகள் அந்த மாகாணத்தில் செயலற்று நிற்கும். அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. ஆகவே மத்திய மாகாணத்துச் சங்கத்துக்கும் ஊவாவில் உள்ள சங்கத்துக்கும் விதி ஒன்றாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. பெயர் ஒன்றாக இருக்கும், படிவமும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும். உள்ளே ஒரு உபபிரிவு மாறியிருந்தால் உங்கள் கடன் எல்லையே மாறிவிடும். சான்றிதழில் உள்ள சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை கூட்டுறவு உதவி ஆணையாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, உங்கள் சங்கத்தின் சொந்த விதிகளான உபவிதிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். பொருளாளரிடம் சட்டப் பிரதி இருக்கும் சங்கத்தை நான் இதுவரை இரண்டோ மூன்றோதான் பார்த்திருக்கிறேன்.

இனி மற்றப் பாதி. சங்கம் எங்கே பதியப்பட்டது என்பது ஒரு கேள்வி. யாரிடம் வைப்பு வாங்குகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குக் கொழும்பின் சட்டம்தான் பதில் சொல்கிறது. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி, பொதுமக்களிடம் வைப்பு வாங்கித் தொழில் செய்பவருக்கு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம். கூட்டுறவுச் சங்கம் இந்த வலைக்கு வெளியே நிற்பது அது கூட்டுறவுச் சங்கமாக நடந்துகொள்ளும் வரைக்கும்தான். அதாவது அங்கத்தவரிடம் வாங்கி அங்கத்தவருக்கே கொடுக்கும் வரைக்கும். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே தன் பாணியில் சொல்கிறது: அங்கத்தவர் அல்லாதவரிடம் வைப்போ கடனோ வாங்குவதென்றால், விதிகளும் உபவிதிகளும் விடும் அளவுக்கு, அவை போடும் நிபந்தனைப்படி மட்டுமே வாங்கலாம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கமிட்டிக்கு விளக்குவது சுலபம். நம் மலைநாட்டில் கூட்டுறவுக் கடன் மத்திய வங்கியை விட வயதில் மூத்தது. 1906இலேயே கண்டி மாவட்டத்துத் தும்பறைப் பக்கம் முதல் கடன் சங்கம் தொடங்கிவிட்டது. அதற்கான கட்டளைச்சட்டம் 1911இல்தான் வந்தது. மத்திய வங்கியை உண்டாக்கிய நாணயச் சட்டம் 1949ஆம் ஆண்டினது. அதன் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் இருக்கிறது. நாட்டின் முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கி 1964இல் மெனிக்ஹின்னையில் திறக்கப்பட்டது. சங்கங்கள் முதலில் வளர்ந்தன, வங்கிச் சட்டங்கள் பின்னால் வந்து, இருந்ததை இருந்தபடி ஒதுக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின. 1987க்குப் பிறகு மேற்பார்வை மாகாணத்துக்குப் போனது. நடுவில் யாரும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத் தைக்கவில்லை. நீங்கள் இன்று மாட்டிக்கொண்டிருப்பது அந்தத் தையல் விட்ட இடத்தில்தான்.

கடைக்காரர் காசுக்கு வருகிறேன். வாங்காதீர்கள். "அவர்களையும் பெயருக்கு அங்கத்தவராகச் சேர்த்துவிட்டால் சரிதானே" என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். எல்லாக் கமிட்டியிலும் ஒருவர் கேட்பார். உபவிதியில் அங்கத்துவத்துக்கு என்ன தகுதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்தில் வசிப்பவர் அல்லது வேலை செய்பவர் என்று இருந்தால், டவுன் கடைக்காரரைச் சேர்ப்பதே உபவிதி மீறல். நாளைக்குத் தகராறு வந்தால் கமிட்டிக்காரர்கள்தான் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு கடைக்காரர் பத்து லட்சம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நீங்கள் நூற்றுக்குப் பதினான்கு வட்டி கொடுக்க வேண்டுமென்றால், உங்கள் பெண்களுக்கு அதைப் பதினெட்டுக்கோ இருபதுக்கோ கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். டவுன் முதலாளியின் வட்டியைச் சுமப்பது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும் பெண். அதோடு போகவில்லை. நீங்கள் கொடுத்த கடன் இரண்டு வருஷத்தில் தவணை தவணையாகத்தான் திரும்பி வரும். கடைக்காரருக்கோ தீபாவளிச் சரக்கு எடுக்க ஒரே நாளில் முழுக் காசும் வேண்டும். சங்கப் பெட்டியில் அவ்வளவு இருக்காது. அவர் டவுனில் நின்று "சங்கத்தில் காசு இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது பத்துப் பதினைந்து பேர் நிற்கும் இடத்தில் இருநூறு பேர் நிற்பார்கள்.

நீங்கள் ஏன் அந்தக் காசைத் தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. பெண்கள் கேட்கும் தொகைக்குச் சங்கத்தில் காசு போதவில்லை. சில வருஷங்களுக்கு முன் டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். ஷொப்பிங் பையில் சுற்றிய ஒரு நீதிமன்ற அழைப்பாணை. டவுனில் ஒருவரிடம் நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது முப்பத்துநான்காயிரம். புரோநோட்டில் தொகை எழுதாமலே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வழக்கு வந்தபோது அதே கடதாசியில் ஒன்றரை லட்சம் என்று இருந்தது. கையெழுத்து நீல மையில், எழுத்து எழுத்தாக யோசித்துப் போட்டது. தொகை கறுப்பு மையில், ஒரே இழுப்பில் எழுதியது. அவர் முதலில் கடன் கேட்டது தோட்டத்துச் சங்கத்திடம்தான். அந்த மாதம் சங்கத்தில் காசு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அந்த வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தது 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச்சட்டம். கடனுக்கு ஈடாக வாங்கும் புரோநோட்டில் உண்மையாகக் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டிப் பிடித்த வட்டி எவ்வளவு, வருஷ வட்டி வீதம் என்ன என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேலான சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. சாட்சியாக நின்றது மகள் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைத்த தவணைக் கணக்கு: தேதி, தொகை, யார் வந்து வாங்கினார் என்ற பெயர். கடைசியில் முதலுக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகையோடு வழக்கு முடிந்தது. உங்கள் அங்கத்தவர் யாராவது இப்படி வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தால், அழைப்பாணை வரும்வரை காத்திராமல் இப்போதே என்னிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ அனுப்புங்கள்.

அந்தக் கம்பனி ஆளிடம் நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கள் கம்பனிக்கு என்ன உரிமம் இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்பு வாங்கும் நுண்நிதிக் கம்பனிகளை மத்திய வங்கியின் கீழ் கொண்டுவந்தது. வைப்பு வாங்காமல் சொந்தக் காசையோ கடன் வாங்கிய காசையோ கிழமை லோனாகச் சுற்றவிடும் பல கம்பனிகள் அதற்கு வெளியே நின்றன. உங்களைப் பார்த்து அனுமதி இல்லை என்று சொன்னவரே அப்படி ஓர் இடத்திலிருந்து வந்திருக்கக்கூடும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் பேசும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அதே இலக்கத்துக்கு உங்கள் அங்கத்தவர் ஒருவர் உங்கள் சங்கத்தைப் பற்றி முறையிட்டால் என்ன நடக்கும்? அது மத்திய வங்கியின் ஆட்சிக்குள் வராது. கூட்டுறவுச் சங்கத்துக்குள் வரும் தகராறு கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் போய், அவர் வழியாக நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டும். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய்த் தமிழில் சொல்லக்கூடிய முறைப்பாடு, கொழும்புக்குப் போவதை விட நம் பெண்களுக்கு எவ்வளவோ மேல். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை நீங்கள் அங்கத்தவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். 2021 வரை அது 6 லட்சமாக இருந்தது. உங்கள் சங்கத்துச் சேமிப்புக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. சங்கத்தின் ஒதுக்க நிதியும், கணக்காய்வும், தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற உங்கள் மூன்று பேரின் நேர்மையும்தான் அவர்களுக்குக் காவல். மாகாண மேற்பார்வை, தேசிய மேற்பார்வை என்ற பிளவில் ஏழைப் பெண்ணுக்கு உண்மையில் நட்டம் வரும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரிய வங்கியில் காசு போடுகிறவருக்குக் குடை இருக்கிறது. லயத்துச் சங்கத்தில் மாதம் ஐந்நூறு போடுகிறவளுக்கு இல்லை.

அப்புத்தளைக் கிளை விஷயம். பட்டிப்பொலை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து ஒஹியாவில் வெளியே வந்தால் நீங்கள் பதுளை மாவட்டத்தில், அதாவது ஊவா மாகாணத்தில் நிற்கிறீர்கள். காற்று மாறுவது போலச் சட்டமும் அங்கே மாறுகிறது. உங்கள் பதிவு மத்திய மாகாணத்தின் எல்லைக்குள் இயங்குவதற்கானது. இரண்டு மாகாணங்களில் பரந்த சங்கம் என்று ஆகிவிட்டால் அது மாகாண நிரலின் "மாகாணத்துக்குள்" என்ற சொல்லைத் தாண்டிவிடும். பிறகு மேற்பார்வை கொழும்பிலுள்ள கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கைக்குப் போகும் விவகாரம். ஒரு கிளைக்காக அந்தத் தலையிடி உங்களுக்கு வேண்டாம். அங்கே போன பிள்ளைகள் ஊவாவில் தங்கள் பெயரில் தனிச் சங்கம் பதியட்டும். கணக்கு எழுதப் பழக்க நீங்கள் போய் உதவலாம். ஏற்கனவே உங்களிடம் சேமிப்பு வைத்துவிட்டுப் போனவர்களின் புத்தகம் என்னவாகும் என்பது, வசிப்பிடம் மாறினால் அங்கத்துவம் தொடருமா என்று உங்கள் உபவிதி என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்தது.

நகை ஈடு இப்போதைக்கு வேண்டாம். அடகு பிடிக்க 1942ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அடகு பிடிப்போர் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். விடயம் மாகாண நிரலில் இருப்பதால் மாகாண விதி ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உபவிதி இடம் கொடுக்க வேண்டும், பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். இவ்வளவும் கிடைத்தாலும், மாற்றுப் பார்க்கத் தெரிந்த ஆளும் இரும்புப் பெட்டியும் வேண்டும். 2013இல் தங்க விலை சரிந்தபோது பெரிய வங்கிகளே அடகுக் கடனில் அடி வாங்கின. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் இயங்கும் சங்கம் அந்த அடியைத் தாங்காது. தாலிக்கொடி ஒன்று காணாமல் போனால் அன்றோடு சங்கம் முடிந்தது.

மாகாணத்தின் கூட்டுறவுச் சட்டத்தையும் கொழும்பின் நிதிச் சட்டத்தையும் ஒழுங்காகப் பொருத்திவைக்க ஏன் முடியவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கமிட்டிக்கு அது தெரிய வேண்டும், ஏனென்றால் புதிய சட்டப் பேச்சு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. மாகாண நிரலில் உள்ள விடயத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமென்றால், சட்டமூலத்தை முதலில் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு சபை உடன்படாவிட்டால், நாடு முழுவதற்கும் சட்டமாக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தது நினைவிருக்கலாம். வறியோருக்கு உதவும் சமுர்த்தி அதிகாரசபையோடு நம் உடரட்ட அபிவிருத்தி அதிகாரசபையையும் சேர்த்து ஒரே திணைக்களமாக்கி, அதன் கீழ் சமூக வங்கிகளையும் கொண்டுவந்த சட்டம் அது. மாகாண சபைகளுக்கு அனுப்பாமல் அதை நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பிறகு 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடுதான் நிறைவேறியது.

இப்போது அந்தக் கதவே பூட்டிக் கிடக்கிறது. நாட்டில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2014இல், ஊவாவில். மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான். கருத்துச் சொல்லவும் சபை இல்லை, நியதிச்சட்டத்தைத் திருத்தவும் சபை இல்லை. கொழும்பில் நிதிச் சட்டம் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுகிறது, மாகாணத்தில் கூட்டுறவு விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி தானாகவே கூடிக்கொண்டு போகிறது. தேர்தல் பேச்சை அரசியல் பேச்சு என்று நம் பெண்கள் ஒதுக்குவார்கள். அவர்கள் சேமிப்புப் புத்தகத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

2024 தொடக்கத்தில் நுண்நிதி, கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கடன் கொடுக்கும் எல்லாரையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவரும் நோக்கம் நல்லதுதான். ஆனால் கிழமை லோன் கம்பனிக்குப் போடும் கடிவாளத்தை அப்படியே சிறு சங்கங்களுக்கும் மரண சகாயச் சங்கங்களுக்கும் போட்டுவிடுவார்களோ என்ற பயம் கூட்டுறவாளர்களிடம் எழுந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உரிமக் கட்டணமும் அறிக்கைப் படிவமும் கம்பனிக்கு ஒரு கிளார்க்கின் வேலை. உங்களுக்கோ கொழுந்து நிறுத்துவிட்டு ஆறு மணிக்கு வந்து குனிந்திருந்து எழுதும் வேலை.

பக்கத்து இந்தியாவிலும் இதே இழுபறிதான். மும்பையில் கூட்டுறவு வங்கி ஒன்று 2019இல் முடங்கி வைப்பாளர்கள் தெருவுக்கு வந்த பிறகு, 2020இல் சட்டத்தைத் திருத்திக் கூட்டுறவு வங்கிகள் மீது றிசர்வ் வங்கியின் பிடியை இறுக்கினார்கள். அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: "வங்கி" என்ற சொல்லைப் பெயரில் பயன்படுத்தாத ஆரம்ப வேளாண்மைக் கடன் சங்கங்களை வெளியே விட்டார்கள். 2022 மே மாதம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், றிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிதிக் கம்பனிகளுக்குக் கேரளா, குஜராத் மாநிலங்களின் பணக்கடன் சட்டங்கள் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஒரே தொழிலுக்கு இரண்டு எசமானர் வேண்டாம் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வட்டிக்கு எதிராக மாநிலம் கொடுத்திருந்த பாதுகாப்பைக் கடன் வாங்கியவர் இழந்துவிட்டார். மேலே உள்ள சட்டம் கீழே உள்ளதைத் தள்ளிவிடும்போது, கீழே இருந்த பாதுகாப்பையாவது தன்னோடு எடுத்துக்கொள்ள வேண்டாமா?

நம் நாட்டுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். வைப்புக்கான குறைந்தபட்சப் பாதுகாப்பை, அதாவது ஒதுக்க நிதி எவ்வளவு, கணக்காய்வு எத்தனை மாதத்துக்குள், ஒரே ஆளுக்குக் கொடுக்கும் கடனின் உச்சம் என்ன என்பதை, நாடு முழுவதற்கும் ஒன்றாகத் தேசியச் சட்டம் வகுக்கட்டும். அதை வந்து பார்ப்பது மாகாண உத்தியோகத்தரின் வேலையாகவே இருக்கட்டும். மலையேறி வந்து தமிழில் பேரேட்டைப் படிக்கக்கூடியவர் அவர்தான். இத்தனை கோடிக்கு மேல் வைப்பு வைத்திருக்கும் பெரிய சங்கங்களும் கிராமிய வங்கிகளும் மட்டும் மத்திய வங்கியின் கண்ணுக்குள் வரட்டும். சிறு சங்கங்களின் சேமிப்புக்கு மாகாணங்கள் சேர்ந்து ஒரு காப்பு நிதி வைக்கட்டும். இதை நான் மேடையிலும் சொல்லியிருக்கிறேன், மனுவாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் சங்கம் தீர்மானம் போட்டு உதவி ஆணையாளர் வழியாக அனுப்பினால் அதற்கு என் குரலை விடக் கனம் இருக்கும்.

பொதுக்கூட்டத்தில் முதலில் கணக்காய்வு அறிக்கையை வாசியுங்கள், கையிருப்பும் வங்கி மீதியும் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரச வங்கிக் கிளையில் சங்கக் கணக்கின் மீதிப் பத்திரம் ஒன்று எடுத்து வந்து எல்லாரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது. அதற்கும் பிறகு யாராவது புத்தகத்தை மூடத்தான் வேண்டும் என்றால், முகம் சுளிக்காமல் அன்றே காசைக் கொடுத்துவிடுங்கள். கேட்டவுடன் காசு வருகிறது என்று தெரிந்தால் வரிசை தானே கலைந்துவிடும். அப்புறம், வைப்பு அங்கத்தவரிடம் மட்டுமே வாங்கப்படும் என்று ஒரு தீர்மானம் போட்டுக் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதிவு இலக்கம், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, முறைப்பாடு யாரிடம் என்ற மூன்றையும் றப்பர் முத்திரையாகக் குத்துங்கள். கம்பனி ஆள் அடுத்த சம்பள நாளில் வந்தால், அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டச் சொல்லுங்கள்.

கடன் காசுப் பற்றாக்குறைக்கு வேறு வழி உண்டு. உங்கள் சங்கம் மாவட்ட யூனியனில் சேர்ந்திருந்தால், அங்கிருந்து சங்கத்தின் பெயரில் மொத்தக் கடன் கேட்கலாம். பதிவாளர் நிர்ணயித்த உச்சக் கடன் எல்லைக்குள் இருந்தால் போதும். அதன் வட்டி, டவுன் கடைக்காரர் கேட்பதை விடக் கூடுதலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் மாதத்தில் விசேட சேமிப்பு ஒன்று தொடங்கிப் பாருங்கள். அவசரக் கடனுக்கு என்று ஒரு சிறு தொகையை எப்போதும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அந்த டிக்கோயா அக்காவுக்குத் தேவைப்பட்டது நாற்பதாயிரம்தான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய போட்டோவில் உபவிதிப் புத்தகத்தின் மூன்று பக்கங்கள்தான் இருக்கின்றன. அங்கத்துவத் தகுதி, வைப்பு, உச்சக் கடன் எல்லை பற்றிய பக்கங்களையும் சான்றிதழையும் வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாக எடுத்து அனுப்புங்கள். கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் கிடைத்தால் பார்த்து, தீர்மான வாசகத்தையும் நானே எழுதித் தருகிறேன்.